கடலுக்குப் போகாத காகிதப் பெண்

ஹமாதே
ஜூலை ஐந்து

அன்புள்ள சனாயே,

மழைக்காலம் இந்த வாரத்தோடு முடிகிறது என்று வானொலியில் அறிவித்துவிட்டார்கள். வானத்துக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. உன் அம்மாவும் நானும் சுகம். செருப்பு, புத்தகம், பாய் என்று வீட்டில் எல்லாவற்றின் மேலும் பூசணம் பூத்துவிட்டது, எங்கள் இருவர் மேலும் மட்டும் இன்னும் பூக்கவில்லை என்பதை வைத்துச் சொல்கிறேன். நியூசிலாந்தில் உங்களுக்கு இப்போது குளிர்காலம். நீயும் மருமகன் கிரஹாமும் கம்பளிக்குள் இருந்துகொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். முதலில் நீ தேடுகிற செய்தி: ஹேசல் என் மேசை மேல் இருக்கிறாள். முழுசாக இருக்கிறாள், இடது காலின் சிவப்பு மழைக்காலணி மட்டும் ஓரத்தில் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் விரைவு அஞ்சலில் ஏற்றிவிடுவேன். ஆகவே மூச்சை விடு. மற்றச் செய்திகள் அவ்வளவு நல்லவை அல்ல. முந்தாநாள் போனில் "அம்மா எங்கே, ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்கிறா?" என்று நீ கேட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்றேனே, அதுவும் அவற்றில் சேர்த்தி. அதையெல்லாம் எழுதித்தான் சொல்ல முடியும். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், இல்லாவிட்டால் அழுவாய். இரண்டையும் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

உன்னுடைய இந்தக் காகிதப் பிள்ளைகள் திட்டத்தைப் பற்றி நீ என் கருத்தைக் கேட்டதில்லை. கேட்காததால் சொல்கிறேன். நான் என் காலமெல்லாம் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்தினேன். சுவரில் வரைபடம் மாட்டி, ஆறு, மலை, விளைபொருள் என்று ஒவ்வொரு நாடாகச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். நீ உன் வகுப்புப் பிள்ளைகளைத் தங்கள் சாயலிலேயே ஒரு காகித உருவம் வரைந்து வெட்டச் சொல்கிறாய். அதை ஆளுக்கொரு நாட்டுக்குத் தபாலில் அனுப்புகிறாய். போய்ச் சேர்ந்த இடத்தில் இருப்பவர்கள் அதை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்து, படம் எடுத்து, பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். உன் முறையில் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள், உலகம் முழுக்கப் பெரியவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. இதற்கு முன்னேற்றம் என்று பெயர் என்றால் எனக்கு மறுப்பில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பாரிஸில் அத்தையும் சிங்கப்பூரில் சித்தப்பாவும் இருக்கிறார்கள், ஹேசலுக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை என்று என் முகவரியைக் கொடுத்தாய். கூடவே அந்த நீளக் கடிதத்தையும் எழுதினாய். ஹேசல் வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், பள்ளி வாசலைத் தாண்டினால் இரண்டு வருஷமாக ஒரு சொல் கிடையாது. மருத்துவரும் பார்த்தாயிற்று, மிட்டாயும் கொடுத்தாயிற்று. இப்போது அவளே தன் தாயிடம், என் காகிதப் பெண் ஜப்பான் போய்த் திரும்பி வந்தால் அவள் என்ன பார்த்தாள் என்று வகுப்பின் முன் நின்று சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரத்தின் வெள்ளிக்கிழமைதான் அந்த நாள். கடைசியில், "அப்பா, வீட்டையே தொலைச்சாலும் பரவாயில்ல, இதைத் தொலைச்சிடாதீங்க" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வந்ததெல்லாம் அதனால் வந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டு வருஷமா? ஐயோ, அதுக்குள்ள எவ்வளவு பேச்சு சேர்ந்து கிடக்கும்" என்றாள்.

நான் என் கடமையில் குறை வைக்கவில்லை. காகித ஹேசலை விடியற்காலை மீன் ஏலத்துக்குக் கொண்டுபோய் விலாங்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். பல் மருத்துவரின் அனுமதியோடு அவர் நாற்காலியில் படுக்க வைத்து எடுத்தேன். எங்கள் தெருவில் கண்ணாடிப் புட்டிகளைத் தரம் பிரிக்கிற நாளில், பச்சை ஒரு கூடை, பழுப்பு ஒரு கூடை என்று பெண்கள் சண்டை போடுவதை அவள் நின்று கவனிப்பதை எடுத்தேன். எல்லாவற்றையும் அனுப்பினேன். நீ, "அப்பா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல ஜப்பான் எங்கே?" என்று கேட்டாய். எழுபத்து மூன்று வயதாகிறது, வேறெங்கும் வாழ்ந்ததில்லை, எனக்கும் அது எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியவில்லை. நகராட்சியில் விசாரித்தேன். சுற்றுலாப் பிரிவில் கேட்கச் சொன்னார்கள். சுற்றுலாப் பிரிவுக்கு அன்று விடுமுறை. பிறகு உன் வழிகாட்டித் தாளில் எழுதியிருந்தபடியே சிமெண்டில் கட்டிய கோட்டைக்குப் போய், லிஃப்டில் ஏறி, கிமோனோ வாடகைக் கடையில் ஹேசலுக்கு ஒரு கைக்குட்டையால் கிமோனோ கட்டிவிட்டு எடுத்தேன். கட்டிவிட்டவள் ஹனோயிலிருந்து படிக்க வந்த பெண். அந்தப் படத்துக்குத்தான் நீ மூன்று இதயங்கள் அனுப்பினாய்.

இதெல்லாம் நடந்து சில நாட்களுக்குள் ஹேசல் காணாமல் போனாள். மறுநாள் சவரக்கடைக்குக் கூட்டிப்போகலாம் என்று வாசலில் செருப்பு அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்தேன். காலையில் மழை வலுத்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்து பின்பக்கம் அருவியாகக் கொட்டியதால் நான் அங்கே ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மா முழங்கால் வைத்தியத்துக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தால் அலமாரி மேல் ஒன்றும் இல்லை. உன் அம்மாதான் எடுத்து உள்ளே வைத்திருப்பாள் என்று நான் இருந்தேன், நான் எங்கேயோ கொண்டுபோயிருப்பேன் என்று அவள் இருந்தாள், இப்படியே இரண்டு நாள் போயிற்று. பிறகு கேட்டபோது, "உங்க பொம்மையை நான் எதுக்குத் தொடறேன்? பல் டாக்டர் நாற்காலியில வாயைத் திறந்தபடி விட்டுட்டு வந்திருப்பீங்க" என்றாள். பல் மருத்துவரிடம் போனேன். பேருந்து நிலையத்தில், தவறவிட்ட பொருள்கள் அறையில் போய், எட்டு வயதுப் பெண், சிவப்புக் காலணி, அகலம் ஒரு சாண், கனம் கிடையாது என்று அடையாளம் சொன்னேன். அங்கிருந்த இளைஞர் மிகவும் மரியாதையாக, உட்காருங்கள் ஐயா, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். நீயோ போனில் "எங்கப்பா இருக்கா அவ?" என்று செய்தி மேல் செய்தி அனுப்பினாய். ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று பதில் போட்டேன். அது உண்மைதான் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜூன் முப்பது கோயிலில் அரை வருஷத் தோஷம் கழிக்கிற நாள் என்பது உனக்கு நினைவிருக்கும். கிரஹாமுக்கு நீ இதைப் படித்துச் சொல்வாய் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். அதற்குப் பத்து நாள் முன்னால் வீட்டுக்கு வீடு ஓர் உறை வரும். உள்ளே வெள்ளைக் காகிதத்தில் ஆள் வடிவம், தலைக்கு ஒன்று. நெஞ்சில் பெயரும் வயதும் எழுதி, உடம்பில் எங்கே கோளாறோ அங்கே தேய்த்து, மூன்று முறை ஊதி, வாசலில் வைத்துவிட வேண்டும். தெருவில் அந்த வருஷம் யார் முறையோ அவர் வந்து எடுத்துப்போவார். கோயிலில் மந்திரம் சொல்லிப் படகில் ஏற்றி, அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் கடலில் விடுவார்கள். அரை வருஷத்து வினை காகிதத்தோடு போய்விடும். உன் அம்மா தன்னுடையதை முழங்காலில் கிழிகிற மட்டும் தேய்த்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாததால் தலையில் லேசாகத் தடவியதோடு நிறுத்திக்கொண்டேன். இந்த வருஷம் முறை சுகிதானி அம்மாவுடையது. நம் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு, காகிதங்களை வாங்கிப் போட அதே பிஸ்கட் டின், அதே குரல். முப்பதாம் தேதி குடையும் கையுமாக, தோஷம் கழியக் கோயில் வாசலில் ஆளுயரத்துக்குக் கட்டியிருக்கிற புல் வளையத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கிறேன், அவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டு திரும்பி, "வாத்தியாரே, உங்க வெளிநாட்டுப் புள்ளையும் இன்னைக்கு எல்லாரோடயும் படகுல போகுது" என்றார். எந்தப் புள்ளை என்றேன். "அதான், ஹேசலு. செருப்பு அலமாரி மேல உங்க உறையோட சேர்த்து வச்சிருந்தீங்களே. பேரு, வயசு, எல்லாம் நம்ம எழுத்துலயே பெருசா எழுதியிருந்துச்சு. கோயில் காகிதம் பத்தாம நீங்களே கலர் அடிச்சு வெட்டிட்டீங்கன்னு நெனச்சேன். கைவேலை சுமார்தான், போகட்டும். புள்ளை தூர தேசத்துல இருக்குதே, யாரு ஊதியிருப்பாங்கன்னு நானே மூணு தடவை ஊதிட்டேன். தொண்டையிலயும் நல்லாத் தேச்சுவிட்டேன். பள்ளிக்கூடத்துல பேச மாட்டேங்குதாமே, உங்க வீட்டம்மா சொல்லி அழுதுச்சு." பெயரையும் வயதையும், இங்கே எல்லாரும் படிக்கட்டும் என்று நம் எழுத்தில் நெஞ்சில் பெரிதாக எழுதி அனுப்பிய ஆசிரியை யார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வளையத்துக்குள் இடம், வலம், இடம் என்று மூன்று சுற்று சுற்ற வேண்டும். நான் நேராகக் கடந்து ஓடினேன். பின்னால் வரிசை மொத்தமும் வாய்விட்டு அலறியது. ஆறு மாதத் தோஷத்தை அப்படியே வாரிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்தால் யாரும் அலறத்தான் செய்வார்கள். படகு போய்விட்டிருந்தது. பூசாரி நாகுரா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர்; வார நாட்களில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை, சனி ஞாயிறும் விசேஷ நாட்களும் கடவுளுக்கு. விஷயத்தைச் சொன்னேன். "அந்தச் சிவப்புக் காலணிப் பொண்ணா? அது படகுல போகலை வாத்தியாரே. கோயில் காகிதம் தண்ணியில கரையற காகிதம், மீனவர் சங்கத்துக்காக மாத்தினோம். இவ மேல பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு. கடல்ல விட்டா நாளைக்கு ஆபீஸ்ல எனக்கு நானே நோட்டீஸ் எழுதிக்கணும்" என்றார். அவள் மழையில் நனையக்கூடாது என்று நீ பிளாஸ்டிக் உறை ஒட்டினாயே, அதுதான் காப்பாற்றியது. உன் வகுப்பிலிருந்து வந்த நற்செய்தி இது ஒன்றுதான். ஜனவரியில் பழைய புத்தாண்டு அலங்காரங்களோடு எரிப்பதற்காக ஓர் அட்டைப்பெட்டியில் அவளை ஒதுக்கி வைத்திருந்தார். "ஆனா மந்திரம் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், அதுல இவளுக்குக் குறை வைக்கல" என்று சேர்த்துக்கொண்டார். திருப்பிக் கொடுங்கள் என்றேன். நாகுரா தலையைச் சொறிந்தார். திரும்பக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லையாம், அதற்கு முறை என்ன என்று தனக்கே தெரியாதாம். ஓய்வுபெற்ற பூசாரியான தன் தகப்பனாருக்குப் போன் போட்டார். கிழவருக்குக் காது மந்தம், ஆகையால் அவர் கத்தியது எனக்கே தெளிவாகக் கேட்டது: "தலைவலியைக் கடல்ல விட்டவன் வலையோட வந்து அதையே பிடிக்கறானா? குடுத்தனுப்புடா, அவன் தலையெழுத்து."

மழைக்கோட்டுக்குள் வைத்து நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா மகிழ்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். திருமணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் இப்படியெல்லாம் நினைக்கிற தெம்பு எனக்கு இருப்பது ஆச்சரியம்தான். அவள் பொம்மையைத் தொடவில்லை. "கோயில்ல குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்தீங்களா?" என்றாள். இது வகுப்புக்குத் திரும்ப வேண்டிய பொருள், பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "அந்தக் குழந்தையோட பேசாமை இது மேல ஏறியாச்சு. கடலோட போயிருக்கணும். அதை மழைக்கோட்டுல ஒளிச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க. இனி தபால்தலை ஒட்டி அதுக்கே திருப்பி அனுப்புவீங்க. வாத்தியார்னா வாத்தியார்தான்!" என்றாள். இது காகிதம், மெழுகு வண்ணம், பிளாஸ்டிக், வேறொன்றும் இல்லை என்று நான் விளக்கினேன். பேச்சு என்பது மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து அரிசி கழுவப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால் சனாயே, உனக்கும் உன் அம்மாவுக்கும் நம்பிக்கை ஒன்றேதான். காகிதத்தில் ஆள் வெட்டினால் குழந்தை பேசும் என்று இருவருமே நம்புகிறீர்கள். நீ பட்டம் வாங்கி நம்புகிறாய், அவள் வாங்காமலே நம்புகிறாள். உன் காகிதம் திரும்பி வந்தால் வேலை செய்யும், அவளுடையது திரும்பி வராவிட்டால் வேலை செய்யும். ஒரே பொம்மையை வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படிச் செய்வது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து உன் அம்மா பேசவில்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அவள் கோபம் எனக்குப் பழக்கம். அதில் எப்போதும் சத்தம் இருக்கும், பாத்திரங்களும் கலந்துகொள்ளும். இது அப்படி இல்லை. சோறு வருகிறது, தேநீர் வருகிறது, என் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறது, குரல் மட்டும் இல்லை. முழங்கால் மருத்துவர் வலி எவ்வளவு என்று கேட்டதற்கு விரல்களைக் காட்டினாளாம். ஒசாகாவிலிருந்து உன் தம்பி ஷூஜி போன் செய்தான். வேலையை விட்டுவிட்டு நண்பனோடு சேர்ந்து நூடுல்ஸ் கடை வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்கவேண்டுமாம். கொடுத்தேன். அவள் வாங்கிக் காதில் வைத்து, அவன் சொன்னதையெல்லாம் கேட்டு, தலையாட்டி, வைத்துவிட்டாள். அம்மா மறுக்கவில்லை என்று அவன் மறுநாளே வேலையை விட்டுவிட்டான். இந்தச் செய்தியை இங்கே நடுவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், தனியாக எழுதக் கை வரவில்லை. நீ அவனைக் கூப்பிட்டுப் பேசு. முதல் ஆறு மாதம் இரவல் கடையில் செய்து பார்க்கச் சொல். நான் சொன்னால் பூகோளம் என்பான்.

தெருவில் இது பரவிவிட்டது. வெள்ளரிக்காய் கொடுக்கிற சாக்கில் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று உன் அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா வாத்தியாரே, வந்துடுச்சு" என்று என்னிடம் கிசுகிசுக்கிறார்கள். எது வந்தது என்றால், "அதுதான்" என்கிறார்கள். கடலுக்குப் போகவேண்டியதை நான் வீட்டுக்குள் விட்டேன், அது கிடைத்த ஆளைப் பிடித்துக்கொண்டது என்பது தெருவின் ஏகமனதான தீர்ப்பு. சவரக்கடை யமனே ஒருவர்தான் அனுதாபம் காட்டவில்லை. "அந்தப் பொம்மையை எனக்கு ஒரு வாரம் தர முடியுமா? எங்க வீட்டுல வச்சிருந்துட்டுப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துடறேன்" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். சிரிக்கவும் இல்லை.

பொறுக்க முடியாமல் நேற்று சுகிதானி அம்மாவிடம் போனேன். நீங்கள் பிறர் வீட்டுக் காகிதத்தை எடுத்து ஊதியதால் என் வீட்டில் நாலு நாளாக மனுஷக் குரல் இல்லை, என் மனைவி என் மேல் கோபத்தில் வாயை மூடிவிட்டாள், நீங்களே வந்து சமாதானம் செய்யுங்கள் என்று நியாயம் கேட்டேன். அவர் உரித்துக்கொண்டிருந்த பட்டாணியைக் கீழே வைத்தார். "கோவமா? புத்தகம் படிச்சே உங்களுக்குக் கண்ணு போச்சு வாத்தியாரே. நீங்க பொம்மையோட வந்த அன்னைக்குச் சாயந்தரமே உங்க வீட்டம்மா ஃபுசாயோ எனக்குப் போன் பண்ணிடுச்சு. 'எங்க வீட்டுக்காரரு அனுப்பாம இருக்கமாட்டாரு, பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்காரு. அனுப்பட்டும். ஆனா அது மேல இருக்கறது அதோட திரும்பிப் போகக்கூடாது. நான் இங்கயே வாங்கி வச்சுக்கறேன், அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துல வாயைத் திறக்கற வரைக்கும். நாளையிலேருந்து பேச முடியாது பாரு, அதான் இன்னைக்கே சொல்லிடறேன்'னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் என் காது சுடற வரைக்கும் பேசுச்சு, மொத்தமாப் பேசித் தீர்த்துடணும்கிற மாதிரி." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க பாடம் நடத்துவீங்களாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து உப்பில் போட்ட பிளம் பழங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை சிவப்பு. நான் நின்ற நிலையிலேயே சுகிதானி அம்மா சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. கையைக் கழுவி வந்து ஹேசலை எடுத்தாள். அவள் அந்தப் பொம்மையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மடங்கிய காலணியை விரலால் நீவிவிட்டு, முன்னும் பின்னும் அட்டை வைத்து, வளையாதபடி நூலால் கட்டி என் கையில் கொடுத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாடம் போலத்தான் வரும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். எனக்குக் கோபம்தான் சனாயே, யார் மேல் என்று பிடிபடவில்லை. ஒரு குழந்தையின் பேசாமை ஒரு பெட்டி அல்ல, ஒருவர் இறக்கி வைக்க இன்னொருவர் தூக்கிக்கொள்வதற்கு. இதை நான் எந்தச் சபையிலும் நிரூபிப்பேன். ஆனால் நம் வீட்டில் இப்போது கிடக்கிற இந்த அமைதி யாருடையது என்று கேட்டால் பதில் தெரியவில்லை. உன் அம்மாவுடையது இல்லை. அவளிடம் இந்தச் சரக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பொட்டலத்தில் படங்கள் இருக்கின்றன; கோயில் அட்டைப்பெட்டிக்குள் ஹேசல் படுத்திருக்கிற படத்தை நாகுரா எடுத்துக் கொடுத்தார், அதுவும் இருக்கிறது. நடந்ததை ஹேசலிடம் விடாமல் சொல். அவளுடைய காகிதப் பெண்ணை ஒரு பாட்டியம்மா டின்னில் போட்டுக்கொண்டு போனதையும், மூன்று முறை ஊதியதையும், குடிநீர் அலுவலகத்துக்காரர் மந்திரம் சொன்னதையும் சொல். மற்றப் பிள்ளைகளின் உருவங்கள் கோபுரத்துக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்தன. இவளுக்குத்தான் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது. ஜப்பான் எங்கே என்று இனியும் கேட்டால் என்னிடம் வேறு படம் இல்லை. ஆனால் உன் அம்மா செய்கிறதை மட்டும் அவளிடம் சொல்லாதே. நமக்காக ஒருத்தி எங்கேயோ வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றினால் வருகிற சொல்லும் வராது. முன்னால் தள்ளாதே, கைதட்டச் சொல்லாதே, நீ கண்கலங்கி நிற்காதே. நீளமாகப் பேச வேண்டும் என்றும் இல்லை. ஒரு சொல் போதும். பள்ளிக்கூடத்துப் பூனையிடம் சொன்னாலும் செல்லும் என்று சுகிதானி அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுவிட்டேன். அன்று அவள் பேசாமல் போனால், பேசவில்லை என்றே சொல். எங்களுக்காகப் பொய் சொல்லாதே, உன் குரலிலேயே உன் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். காத்திருந்து பார்க்கலாம். ஹேசல் இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறாள் அல்லவா.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளின் சளி உனக்கு வந்துவிடப் போகிறது, கழுத்தை மூடிக்கொள். கிரஹாமை நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் குறைவில்லாமல், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மாவும் அதையேதான் வேண்டுகிறாள், அவளுக்குச் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன். மறக்காமல் ஒன்று செய். அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், உன் அம்மாதான் எடுப்பாள். எடுத்த பிறகு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்காது. இணைப்புப் போய்விட்டது என்று வைத்துவிடாதே. நீ பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
தொகுரா மசனோரி